கதையிலிருந்து பாட்டு, கதையிலிருந்து கேம்

ஃபேன்டசி நாவல் எழுதுறவங்ககிட்ட "எழுதாத நேரத்துல என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. ரெண்டு பதில் அடிக்கடி காதில் விழும். ஒண்ணு, கதைகளை வைத்து உருவான பாட்டு கேட்பது. இன்னொண்ணு, கேம் ஆடுவது. நம்ம வீட்டுல இந்த ரெண்டுக்குமே ஒரே பேர்தான்: வெட்டி வேலை. "ஹெட்போனை மாட்டிக்கிட்டு போனை நோண்டுற நேரத்துல ஒரு அரியராவது கிளியர் பண்ணலாம்ல?"

அரியர் கிளியர் பண்ண வேண்டியதுதான், அதுல மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கதை எழுதணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு இந்த ரெண்டு பழக்கமும் ஒரு வகையில் பயிற்சி வகுப்பு. ஒரே கதையைப் பாட்டாக மாற்றும்போது ஒன்று கழன்று போகிறது. கேமாக மாற்றும்போது வேறொன்று கழன்று போகிறது. பாட்டுக்குக் கதையோட முடிச்சு தேவைப்படாது, அந்த உணர்ச்சி போதும். கேமுக்கு முடிவு தேவைப்படாது, அந்த உலகத்தோட விதிகள் போதும். எது கழன்றாலும் கதை உயிரோட இருக்குதுன்னா, அந்தக் கதை உலகம் உறுதியா கட்டப்பட்டிருக்குன்னு அர்த்தம். இந்தக் கட்டுரை அதைத்தான் பேசப் போகுது. உதாரணங்கள் கல்கியிலிருந்து தொடங்கி, இங்கிலாந்து வரைக்கும் போய், நம்ம பாகூர் பக்கத்துக் கோயில் திடலில் வந்து நிற்கும்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சு வச்சிடுவோம். "ஆன்லைன் கேம்"னு சொன்னாலே பல வீடுகளில் ஞாபகம் வருவது ரம்மி. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. பணத்தை விட்டவங்க குடும்பத்தோடு நொந்து போன செய்திகள் நிறைய வந்ததால்தான் தமிழ்நாடு 2022இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்தது. இ-ஸ்போர்ட்ஸையும் பொழுதுபோக்கு கேம்களையும் அது தனி வகையாகப் பிரித்தது. இங்கே நாம பேசப் போவது பணம் கட்டுற ஆட்டத்தைப் பற்றி இல்லை. கதை இருக்கிற ஆட்டத்தைப் பற்றி.

படகுக்காரிக்கு ஒரு பாட்டு

கல்கி ஃபேன்டசி எழுத்தாளர் இல்லை, சரித்திர நாவலாசிரியர். ஆனால் பார்த்தே இராத ஓர் உலகத்தைக் கட்டி எழுப்பி, லட்சக்கணக்கான பேரை அதுக்குள்ள குடி வைத்தவர். அந்த வேலை ஃபேன்டசி எழுத்தாளர் செய்வதும்தான். அவருக்கு இசை மேல் இருந்த ஆர்வம் சும்மா கேட்டு ரசிக்கிற அளவில் நிற்கவில்லை. ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற பெயரில் "ஆடல் பாடல்" பகுதியில் கச்சேரி, நடன விமர்சனம் எழுதினார். 1940களில் தமிழிசை இயக்கம் சூடு பிடித்தபோது, தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1945இல் வந்த "மீரா" படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய "காற்றினிலே வரும் கீதம்" பாட்டை எழுதியவரும் அவர்தான்.

இந்த ஆர்வம் அவருடைய நாவல்களுக்குள்ளும் வந்தது. "சிவகாமியின் சபதம்" நாவலின் நாயகியே ஒரு நடனக்காரி. 1950இல் தொடங்கிய "பொன்னியின் செல்வன்" தொடரில் கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலி வருகிறாள், நினைவிருக்கா? அவள் வாயில் ஒரு பாட்டையும் கல்கியே எழுதி வைத்தார். கடல் அமைதியா இருக்கும்போது மனசு மட்டும் ஏன் இப்படிப் பொங்குதுன்னு கேட்கிற பாட்டு. அந்தப் பாட்டு வராவிட்டாலும் கதை நகரும். வந்தியத்தேவன் இலங்கைக்குப் போய்ச் சேருவான். ஆனால் பூங்குழலி யார் என்பது அந்தப் பாட்டு இல்லாமல் பிடிபடாது.

எங்க ஊர் பனித்திட்டு மாதிரி கடலோரத்தில் வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு விளங்கும். கடலில் போறவங்க பேசுறது கொஞ்சம்தான். சொல்ல வேண்டியதைப் பாட்டில் போட்டுவிட்டால் அது தனியா நிற்கும்.

அது எவ்வளவு தனியா நின்றது என்பதற்குச் சான்று 2022இல் கிடைத்தது. மணிரத்னம் படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையில் பூங்குழலிக்கு "அலைகடல்" என்று ஒரு பாட்டு வந்தது. எழுதியவர் சிவா ஆனந்த். நாவலை ஒரு பக்கம்கூடப் படிக்காதவங்க அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாங்க. அருள்மொழிவர்மன் யாரு, பழுவேட்டரையர் யாருன்னு தெரியாமலே பூங்குழலியோட தனிமை அவங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டு கதையின் முடிச்சை விட்டுட்டு உணர்ச்சியைத் தூக்கிட்டு வரும்னு சொன்னேனே, அது இதுதான்.

25,000 பக்கத்துக்கு ஒரு பாட்டு எப்படிப் போடுவது?

கல்கிக்கு அப்புறம் நம்ம காலத்துக்கு வருவோம். ஜெயமோகன் 2014 ஜனவரி தொடங்கி 2020 ஜூலை வரை "வெண்முரசு" எழுதினார். மகாபாரதத்தை 26 நாவல்களாக, தினமும் இணையத்தில் ஒரு அத்தியாயம் என்ற கணக்கில் எழுதி முடித்தார். மொத்தம் 25,000 பக்கத்துக்கு மேல். நாகர்களின் பாதாளம், தேவருலகம், அசுரர் நகரங்கள் எல்லாம் வருகிற மாபெரும் கற்பனை உலகம் அது.

2021இல் அமெரிக்காவில் இருக்கும் இசையமைப்பாளர் ராஜன் சோமசுந்தரம் வெண்முரசுக்காக ஓர் இசைப் படைப்பை உருவாக்கினார். கமல்ஹாசன், ஸ்ரீராம் பரசுராம், சைந்தவி ஆகியோர் பாடினார்கள். இங்கே ஓர் எஞ்சினியரிங் கேள்வி வருது. 25,000 பக்கத்தைச் சில நிமிடத்துக்குள் எப்படிச் சுருக்குவது?

அவர் சுருக்கவே இல்லை. 26 நாவலில் "நீலம்" என்ற ஒரே நாவலிலிருந்து வரிகளை எடுத்தார். நீலம் ராதையும் கண்ணனும் பற்றிய நாவல். போர், சூது, சபதம் எதுவும் அதன் மையம் இல்லை. அந்த ஒரு மனநிலையைப் பிடித்ததும் பாட்டு அமைந்துவிட்டது. குருக்ஷேத்திரப் போரை வரிசையாகப் பாட்டில் சொல்லப் போயிருந்தால் அது பொழிப்புரையாகத்தான் இருந்திருக்கும்.

உங்க கதைக்கு ஒரு தீம் பாட்டு போடணும்னா இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கலாம். கதைச் சுருக்கத்தைப் பாட்டாக்காதீங்க. ஒரே ஓர் ஆளை, ஒரே ஒரு நேரத்தை எடுத்துக்குங்க.

ரெண்டையும் விரும்பின மனுஷர்

பாட்டு, கேம் ரெண்டையும் ஒரே ஆளிடம் பார்க்கணும்னா இங்கிலாந்து வரைக்கும் போகணும். டெர்ரி பிராட்செட், "டிஸ்க்வேர்ல்டு" என்ற ஃபேன்டசி நாவல் வரிசையை எழுதியவர். நாலு யானைகள் ஓர் உலகத்தைச் சுமக்கும். அந்த யானைகளை ஓர் ஆமை சுமக்கும். அந்த உலகத்தில் 41 நாவல்.

அவருக்கு "ஸ்டீலை ஸ்பான்" என்ற நாட்டுப்புற ராக் இசைக்குழு ரொம்பப் பிடிக்கும். அவருடைய 60ஆவது பிறந்தநாள் விழாவில் அந்தக் குழுவே வந்து வாசித்தது. பிறகு அவருடைய "விண்டர்ஸ்மித்" நாவலை வைத்து 2013இல் அதே பெயரில் ஓர் ஆல்பம் போட்டாங்க. ஆடக் கூடாத நேரத்தில் ஒரு சிறுமி ஒரு நடனத்துக்குள் புகுந்து ஆடிவிட, பனிக்காலத்தின் ஆவி அவள் மேல் காதல் கொள்ளும் கதை அது. அந்த ஆவி மனுஷனாக மாற ஆசைப்படும். மனுஷ உடம்பு செய்ய என்னென்ன சரக்கு வேணும்னு சொல்கிற ஒரு குழந்தைப் பாட்டு நாவலுக்குள்ளேயே இருக்கும். ஆல்பத்தில் அது முழுப் பாட்டாக வளர்ந்தது. பூங்குழலி பாட்டு போன அதே வழி. நாவலாசிரியர் கதைக்குள் ஒரு பாட்டு விதையைப் போட்டு வைத்தால், பின்னாடி வேறு யாராவது வந்து அதை மரமாக்குவாங்க.

அடுத்து கேம். பிராட்செட் தீவிர கேமர். "எல்டர் ஸ்க்ரோல்ஸ்: ஒப்ளிவியன்" என்ற 2006ஆம் ஆண்டு கேம் அவருக்குப் பிடித்தமானது. அந்த கேமுக்கு ஒரு ரசிகை "வில்ஜா" என்ற துணைப் பாத்திரத்தை மாட் ஆக உருவாக்கி, இணையத்தில் இலவசமாக விட்டிருந்தார். மாட் என்றால் ஏற்கெனவே இருக்கிற கேமுக்குள் ரசிகர்கள் சேர்க்கும் கூடுதல் பகுதி. பிராட்செட்டுக்கு வில்ஜாவைப் பிடித்துப்போக, அந்த ரசிகையைத் தொடர்புகொண்டு, அந்தப் பாத்திரத்துக்கு வசனம் எழுதிக் கொடுத்தார். கோடிக்கணக்கில் புத்தகம் விற்ற எழுத்தாளர், ஒரு ரசிகையின் இலவச மாடுக்கு உட்கார்ந்து வசனம் எழுதியிருக்கிறார்!

இதில் மனசைத் தொடும் பகுதி இன்னொண்ணு. 2007இல் பிராட்செட்டுக்கு அல்சைமர் வகை மறதி நோய் இருப்பது தெரிய வந்தது. நோய் கூடக் கூட கேமுக்குள் வழி கண்டுபிடிப்பது அவருக்குக் கஷ்டமானது. ஆடுறவர் வழி தவறி நின்றால் வில்ஜாவே முன்னால் நடந்து கூட்டிப் போகிற வசதி அந்த மாடில் சேர்ந்தது. 2015 மார்ச்சில் அவர் இறந்துபோனார். அந்த மாட் இன்னும் இணையத்தில் இருக்கு. யாரென்றே தெரியாத ஆட்டக்காரர்களுக்கு வில்ஜா இன்னும் வழி காட்டிக்கிட்டுதான் இருக்கா.

"கேம் ஆடுறது வெட்டி வேலை"ன்னு யாராவது சொன்னா இந்தக் கதையைச் சொல்லுங்க. அவருடைய மகள் ரியானா பிராட்செட் கேம்களுக்குக் கதை எழுதுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டவர். 2013இல் வந்த "டூம் ரெய்டர்" கேமின் முதன்மை எழுத்தாளர் அவர்தான்.

கேமுக்குள்ளே கச்சேரி

பாட்டும் ஆன்லைன் கேமும் ஒரே இடத்தில் சந்திக்கிற உதாரணமும் ஒண்ணு இருக்கு. டோல்கீனின் நாவல் உலகத்தை வைத்து 2007இல் "லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன்" என்ற கேம் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்துக்குள் ஒரே நேரத்தில் ஆடுகிற வகை. இதில் உங்க பாத்திரம் கையில் யாழ், புல்லாங்குழல், முரசு எல்லாம் எடுத்து வாசிக்கலாம். ஒவ்வொரு ஸ்வரமாக விசைப்பலகையில் தட்டலாம். இல்லையென்றால் ஏபிசி நொட்டேஷன் என்ற எளிய எழுத்து வடிவத்தில் பாட்டைக் கோப்பாக எழுதி வைத்து வாசிக்க விடலாம்.

கேம் கம்பெனி ஒரு வசதியைத்தான் கொடுத்தது. ஆட்டக்காரர்கள் அதை வைத்து இசைக்குழுக்களே அமைத்தார்கள். 2009 முதல் "வெதர்ஸ்டாக்" என்ற பெயரில், கதையில் வரும் வெதர்டாப் குன்றின் மேல், கேமுக்குள்ளேயே இசைவிழா நடத்தத் தொடங்கினார்கள். டோல்கீன் நாவல்களில் பாட்டுகள் ஏராளம். வரைபடமும், மொழியும், பாட்டும் சேர்ந்த உலகத்தைக் கட்டியிருந்தார். அதனால்தான் அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அதுக்குள் புதுசா ஆட்கள் போய்க் கச்சேரி பண்ண இடம் இருந்தது.

நம்ம ஊரு மல்டிபிளேயர்

இதையெல்லாம் வெளிநாட்டு அதிசயமாகப் பார்க்க வேண்டியதில்லை. பாகூர், வில்லியனூர் பக்கமும், கடலூர், விழுப்புரம் பக்கமும் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் தீமிதித் திருவிழா எப்படி நடக்கும்னு கவனிச்சிருக்கீங்களா?

பகலில் பாரதப் பிரசங்கம். வில்லிபாரதத்தைப் பாடி விளக்குவார்கள். ராத்திரியில் தெருக்கூத்து. மத்தளம், முகவீணை, ஹார்மோனியம், தாளம், பின்பாட்டு எல்லாம் சேர்ந்து விடிய விடிய நடக்கும். எல்லாருக்கும் கதை தெரியும். கர்ணன் சாகப் போகிறான் என்பது ஸ்பாய்லரே கிடையாது. ஆனாலும் "கர்ண மோட்சம்" ராத்திரியில் கர்ணனும் பொன்னுருவியும் பேசிப் பாடும் இடத்தில் கதை ஒரு அங்குலம்கூட நகராமல் நிற்கும். கூட்டமும் அசையாமல் நிற்கும். கதையின் முடிச்சை விட்டுட்டு உணர்ச்சியைப் பிடிக்கிற வேலையைக் கூத்துப் பாட்டு எத்தனையோ தலைமுறையாகச் செய்துட்டு வருது.

கேம் எங்கே வருதுன்னு கேட்பீங்க. சில நிகழ்வுகளில் கதை மேடையை விட்டு இறங்கி ஊருக்குள் வரும். பகாசுரன் கதை நடக்கும்போது பல ஊர்களில் பீமன் வேடக்காரர் சோற்று வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். வீட்டுக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த நேரத்தில் அவங்க பார்வையாளர்கள் இல்லை, ஏகசக்கர நகரத்து மக்கள். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு உயரமான மரத்தின் மேல் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் பிடிக்கக் கீழே கூட்டம் நிற்கும். பிள்ளை வரம் கேட்டு வந்தவங்க ஈரத் துணியோடு நிற்பார்கள். கடைசியில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் படுத்திருக்கும். பீமன் தொடையைப் பிளப்பார், திரௌபதி கூந்தல் முடிப்பாள். அதன்பிறகு தீமிதி. காப்புக் கட்டி விரதம் இருந்தவங்க நெருப்பில் இறங்குவார்கள்.

பக்தியோடு செய்யும் சடங்கை கேம் என்று சொல்லிச் சிறுமைப்படுத்துவதாக நினைக்காதீங்க. நான் சொல்வது அமைப்பைப் பற்றி. ஓர் ஊர் முழுக்க ஒரு கதையின் வரைபடமாக மாறுகிறது. ஒவ்வொருத்தருக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது. விதிகள் இருக்கின்றன. ஆன்லைன் கேம் வடிவமைக்கிறவங்க சர்வர் வைத்துக் கஷ்டப்பட்டு உருவாக்குகிற "நானும் உள்ளே இருக்கேன்" என்ற உணர்வு, இங்கே கோயில் திடலிலேயே கிடைக்குது.

நாவலாசிரியர் கேமுக்கு எதைக் கொடுக்க முடியும்?

நாவலில் முடிவு எழுத்தாளர் கையில். கேமில் அது ஆடுறவர் கையில். அப்போ எழுத்தாளருக்கு என்ன வேலை?

2022இல் வந்த "எல்டன் ரிங்" கேமைப் பாருங்க. "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினை அதற்கு அழைத்தார்கள். அவர் எழுதியது ஆட்டத்தின் கதையை இல்லை. ஆட்டம் தொடங்குவதற்கு ரொம்ப காலம் முன்னால் அந்த உலகத்தில் யார் ஆண்டார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்ற பழங்கதையை எழுதினார். இடிபாடுகளாக அதைப் பரப்பி வைத்தது ஜப்பானிய கேம் குழு. ஆடுறவர் ஒரு வாளின் குறிப்பைப் படிப்பார், ஒரு சிலையைப் பார்ப்பார், தானாகவே வரலாற்றை ஊகிப்பார்.

இன்னொரு வழி 2023இல் வந்த "வெண்பா". கனடாவின் விசை கேம்ஸ் உருவாக்கியது. இது ஃபேன்டசி இல்லை, கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, மை கலைந்திருக்கும். என்ன விட்டுப்போச்சுன்னு ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். பின்னணியில் ரேடியோவில் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா பாணியில் புதுப் பாட்டுகள் ஓடும். "ஊர் விட்டு வந்ததில் என்னவெல்லாம் தொலைஞ்சது" என்று அந்த கேம் வசனமாகச் சொல்வது கொஞ்சம்தான். கிழிந்த நோட்டு என்ற விதியே அதைச் சொல்லிவிடும். அந்தச் சின்னக் குழுவின் கேம் 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது.

பழங்கதை ஒண்ணு, விதி ஒண்ணு. நாவலாசிரியர் கேமுக்குக் கொடுக்கக்கூடியது இந்த ரெண்டும்தான்.

நம்மகிட்ட என்ன இருக்கு?

பழங்கதைக்கு நம்ம பக்கம் பஞ்சமே இல்லை. பாகூர்ச் செப்பேடு என்று ஒன்று இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்கே காலேஜ்! அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச் சாடித் துண்டுகள் கிடைத்தன. 1752இல் பாகூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஏரி, கோயில், கழிமுகம், கடல் எல்லாம் ஒரே நாளில் சைக்கிளில் சுத்திடலாம். ஒரு கேம் வரைபடத்துக்கு வேற என்ன வேணும்?

இனி நடைமுறை. மூன்று விஷயம்.

முதலாவது உரிமை. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். கல்கி 1954 டிசம்பரில் இறந்தார். அதனால் "பொன்னியின் செல்வன்" நாவலை வைத்து யார் வேண்டுமானாலும் கேம் செய்யலாம், பாட்டு போடலாம். வில்லிபாரதமும் அப்படித்தான். ஆனால் மணிரத்னம் படத்தின் பாட்டு, உடை, முகங்கள் எதையும் தொடக்கூடாது. வெண்முரசுக்கு எழுத்தாளரின் அனுமதி வேண்டும்.

இரண்டாவது தமிழ் எழுத்து. இங்கேதான் நம்ம படிப்பு உதவும். யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். "கொ"வில் குறி ரெண்டு பக்கமும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் பகுதி இல்லாத மென்பொருளில் எழுத்து உடைஞ்சு தெரியும். யூனிட்டியில் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் இந்தத் தலைவலி வரும். 2023இல் வந்த கோடோ 4ஆம் பதிப்பில் தமிழ் சரியாக வரும். கோடிங்கே வேண்டாம், கதையும் தேர்வுகளும் போதும்னா ட்வைன் இருக்கு. இலவசம், பிரவுசரிலேயே ஓடும். பிரவுசருக்குத் தமிழ் ஏற்கெனவே தெரியும் என்பதால் எழுத்துப் பிரச்சினையே இல்லை.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கேமுக்கு இசை வேணும்னு போனைத் தூக்கிக்கிட்டுக் கூத்து நடக்கிற இடத்துக்குப் போய், முகவீணையைப் பதிவு பண்ணிட்டு வந்துடலாம். செலவே இல்லை. ஆனால் அந்த முகவீணைக்காரருக்கு வருமானம் திருவிழாக் காலத்தில் மட்டும்தான். எஸ்.ராமகிருஷ்ணன் கதையில் வந்த "கர்ண மோட்சம்" குறும்படத்தைப் பாருங்க, ஒரு கூத்துக் கலைஞரின் ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு தெரியும். அவரிடம் முதலில் கேளுங்க. கேமில் அவர் பெயரைப் போடுங்க. டிபார்ட்மென்ட் விழாவில் டிஜேவுக்கு வசூல் பண்ணும்போது அவருக்கும் ஒரு தொகை ஒதுக்குங்க. நாம எடுத்துக்கிறது ஒரு சவுண்ட் ஃபைல் மட்டும் இல்லை, ஒருத்தர் நாற்பது வருஷம் மூச்சுப் பிடிச்சுக் கத்துக்கிட்ட வித்தை.

இந்த செமஸ்டரிலேயே ஆரம்பிக்கலாம்

பெரிய கேம் எல்லாம் வேண்டாம். ஓர் இடம், ஒரு பழங்கதை, ஒரு விதி, ஒரு பாட்டு போதும். உதாரணத்துக்கு: பாகூர் வித்யாஸ்தானத்தில் படிக்கும் ஒரு மாணவன். ஏரிக்கரையில் புதைந்த ஒரு செப்பேட்டின் ஏழு துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் பாதி வரிதான் இருக்கும். மீதியை ஆடுறவர் ஊகிக்கணும். தப்பாக ஊகித்தால் கொடை வேறு ஊருக்குப் போய்விடும், அந்த ஊர்க்காரர்கள் கேள்வி கேட்டு வந்து நிற்பார்கள். ட்வைனில் ரெண்டு வாரத்தில் முடிச்சிடலாம்.

எழுதத் தெரிஞ்சவங்க, கோடு பண்ணத் தெரிஞ்சவங்க, கீபோர்டு வாசிக்கத் தெரிஞ்சவங்க மூணு பேர் சேர்ந்தா போதும். எங்க ஊர் கடற்கரையை வரைபடத்தில் வைக்கிறவங்களுக்கு வழி காட்ட நான் ரெடி. செய்து முடித்ததும் இணைப்பை நம்ம இதழுக்கு அனுப்புங்க. ஆடிப் பார்த்துட்டு அடுத்த இதழில் எழுதுறோம்.